சாட்சிகளும் தரப்பினரும்

தோட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது ஆட்டக்காரரின் குறை என்றால், கேம் செய்பவர் தோட்டாவைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதுதானே? 2007-இல் வெளிவந்த ஹேலோ 3 உருவாகிக்கொண்டிருந்த நாட்களில், மைக்ரோசாஃப்ட்டின் சோதனைக்கூடத்தில் ஏறத்தாழ இப்படியொரு கேள்வி எழுந்தது. மனவியல் படித்த ராண்டி பகுலாயனின் குழு அங்கே சுமார் 600 பேரை அழைத்துவந்து, மொத்தம் 3,000 மணி நேரத்துக்கு மேல் விளையாடவைத்து, ஒவ்வொருவரும் எங்கே தயங்கினார், எங்கே செத்தார், எதனால் செத்தார் என்று கணக்கெடுத்தது. ஒரு கட்டத்தில் பலருக்கும் தோட்டா தீர்ந்துபோவது தெரிந்தது. பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், பற்றாக்குறை தோட்டாவில் இல்லை. எட்டாத தூரத்தில் நின்ற எதிரிகளை நோக்கி ஆட்டக்காரர்கள் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குண்டு அவ்வளவு தூரம் போகாது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கேமை உருவாக்கிய பஞ்ஜி நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் தோட்டாவின் எண்ணிக்கையைத் தொடாமல், எதிரி குண்டு பாயும் தூரத்துக்குள் வந்தால் குறிவட்டம் சிவப்பாக மாறும்படி செய்தார்கள். வீண்சூடு நின்றது.

கேம் துறையில் இத்தகைய கதைகள் ஏராளம். அவற்றிலிருந்து அந்தத் துறை எடுத்துக்கொண்ட பாடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: வலிக்கிறது என்று ஆட்டக்காரர் சொன்னால் நம்பு, இன்ன மருந்தைக் கொடு என்று சொன்னால் நம்பாதே. இதையே இன்னும் கறாராக்கி, அவர்கள் சொல்வதை விட்டுவிட்டுச் செய்வதைப் பார் என்பாரும் உண்டு. இந்தப் பாடம் பாதிதான் சரி என்பது என் வாதம். ஆட்டக்காரரின் சொல் இரண்டு வேறு தகுதிகளில் வருகிறது. சில விஷயங்களில் அவர் சாட்சி: தான் கண்டதை, பட்டதைச் சொல்கிறார். சில விஷயங்களில் அவரே வழக்கின் ஒரு தரப்பு: தனக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்கிறார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், செய்யவும் வேண்டும். சொன்னதில் கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளலாம். தரப்பினரிடம் அது செல்லாது. அவரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது ஈடு கொடுக்க வேண்டும். கேம் வரலாற்றின் பெரிய சறுக்கல்கள் சிலவற்றைக் கூர்ந்து பார்த்தால், சாட்சியை நாட்டாமையாக்கியதும் தரப்பினரைச் சாட்சியாக நடத்தியதும்தான் காரணமாகத் தெரிகிறது. எத்தனை பேர் குறை சொன்னார்கள் என்ற எண்ணிக்கை, அவர்கள் எந்தத் தகுதியில் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லாது.

முதலில் சாட்சி. 1998-இல் ஹாஃப்-லைஃபை வெளியிட்ட வால்வ் நிறுவனத்தில் சோதனை ஆட்டம் எப்படி நடந்தது என்று, அதில் பணியாற்றிய கென் பேர்ட்வெல் மறு ஆண்டே விரிவாக எழுதியிருக்கிறார். வெளியீட்டாளரான சியரா நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் அனுப்பிய பதிவு அட்டைகளிலிருந்து ஆட்களைப் பிடித்தார்கள். விளையாடப்படும் கட்டத்தை வடிவமைத்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஆட்டக்காரர் இருபது நிமிடம் வழி தெரியாமல் சுற்றினாலும் குறிப்புக் காட்டக் கூடாது. இரண்டு மணி நேரச் சோதனை ஒன்றில் நூறு போலத் திருத்தங்கள் தேறுமாம். கேம் முடியும்போது 200-க்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்திருந்தன. இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, சோதனையாளரிடம் யாரும் கருத்துக் கேட்டு முடிவெடுக்கவில்லை என்பது. கதவு கண்ணில் படவில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை, அவர் கதவைக் கடந்து மூன்று முறை போனதே வாக்குமூலம். வடிவமைப்பாளருக்கு விதித்த மௌனத்தின் பயனும் அதுதான். சாட்சி பேசும்போது வக்கீல் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

சாட்சி கணக்கில் தப்பினாலும் அனுபவத்தில் தப்புவதில்லை என்பதற்கு கேம் வடிவமைப்பாளர் சிட் மெயர் சொன்ன உதாரணத்தைவிடச் சிறந்தது கிடைக்காது. 2010-ஆம் ஆண்டு கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டு உரையில் அவர் அதை விவரித்தார். சிவிலைசேஷன் ரெவலூஷன் கேமில் போருக்கு முன் இரு படைகளின் வலிமையும் எண்ணாகத் தெரியும். மூன்றுக்கு ஒன்று என்றால் நான்கில் ஒரு முறை தோற்க வேண்டும், கணக்கு அதுதான். சோதனைக்கு வந்தவர்களோ தோற்றதும் கொதித்தார்கள்: மூன்று மடங்கு பலம் இருந்தும் தோற்பதா? இரண்டுக்கு ஒன்று என்றால் அவ்வப்போது தோற்பதைப் பொறுத்துக்கொண்டார்கள். அதே விகிதத்தை இருபதுக்குப் பத்து என்று காட்டினால் மறுபடி கோபம். பத்து அதிகமாக இருக்கிறதே! அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால் கேம் ஏமாற்றுகிறது என்றே முடிவு கட்டினார்கள். மெயர் நிகழ்தகவுப் பாடம் நடத்தப் போகவில்லை. முந்தைய போரின் முடிவையும் சேர்த்துக் கணக்கிடும்படி விதியை மாற்றினார், அதாவது உண்மையான கணக்கை ஆட்டக்காரரின் மனக்கணக்குக்கு அருகே நகர்த்தினார். ஜப்பானின் ஃபயர் எம்ப்ளம் வரிசை இதற்கு முன்பே, 2002 முதல், இரண்டு தற்செயல் எண்களின் சராசரியை எடுத்து, 80 சதவீதம் என்று காட்டிய தாக்குதல் உண்மையில் 90-க்கும் மேல் பலிக்கும்படி செய்துவைத்திருந்தது. இதைப் பித்தலாட்டம் என்று சொல்லலாம். ஆனால் அந்த எண் ஆட்டக்காரருக்கு ஒரு நம்பிக்கையின் அளவு. அதை அவர் எப்படி உணர்கிறார் என்பதில் அவரைவிடப் பெரிய அதிகாரி யாரும் இல்லை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் ஓய்வு விதியும் இந்த வகைதான். நெடுநேரம் விடாமல் விளையாடுபவரைச் சற்று எழுந்திருக்கச் செய்ய, குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தது பிளிஸார்ட். பீட்டா சோதனையில் வந்தவர்கள் அதை வெறுத்தார்கள். அதன் வடிவமைப்பாளர் ராப் பார்டோ பின்னாளில் விளக்கியபடி, பெயரைத்தான் புரட்டிப் போட்டார்கள்: முன்பு நூறாக இருந்தது ஓய்வெடுத்தவருக்கான 200 சதவீதப் போனஸ் ஆனது, முன்பு ஐம்பதாக இருந்தது சாதாரண நூறு ஆனது. எண்களின் உறவு மாறவில்லை. தண்டனை பரிசாயிற்று, எதிர்ப்பு அடங்கியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஆட்டக்காரரின் அறியாமையைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உழைப்பில் பாதியை வெட்டுகிறேன் என்பதும், ஓய்வெடுத்து வந்தால் இரட்டிப்பாகத் தருகிறேன் என்பதும் சம்பளக்காரர் எவருக்கும் ஒன்றல்ல, கூட்டிப் பார்த்தால் தொகை சமமாக வந்தாலும்.

இனி, எந்தச் சாட்சி என்ற கேள்வி. ஒரே கேமை விளையாடும் ஆயிரம் பேர் ஆயிரம் கேமைப் பார்க்கிறார்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் நடத்தும் ரியட் நிறுவனம் 2019-இல் தன் சமநிலைக் கொள்கையைப் பகிரங்கமாக வெளியிட்டபோது, ஆட்டக்காரர்களை நான்கு அடுக்காகப் பிரித்தது: தரவரிசையின் கீழ் 90 சதவீதத்தினர், மேல் 10 சதவீதத்தினர், உச்சியில் இருக்கும் 0.1 சதவீதத்தினர், தொழில்முறைப் போட்டியாளர்கள். ஒரு பாத்திரம் இந்த நான்கில் ஏதேனும் ஓர் அடுக்கில் அத்துமீறிய பலத்தோடு இருந்தாலே அதைக் குறைப்பார்கள். ஆனால் நான்கு அடுக்கிலும் நலிந்திருந்தால்தான் அதை உயர்த்துவார்கள். அஸிர், ரைஸ் போன்ற பாத்திரங்கள் சாதாரண ஆட்டக்காரர் கையில் தோற்றுக்கொண்டே இருக்கும், தொழில்முறை அணிகளின் கையில் எதிரியை நசுக்கும். அஸிர் பலவீனம் என்று லட்சம் பேர் முறையிட்டாலும் அந்த முறையீடு பொய்யில்லை, ஆனாலும் அதன்படி செய்ய முடியாது. கொள்கையை முன்கூட்டியே எழுதிவைத்ததில்தான் ரியட்டின் சாமர்த்தியம் இருக்கிறது. யாருடைய சாட்சியம் எந்தக் கேள்விக்குச் செல்லும் என்பது வழக்கு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. அன்றன்றைக்கு யார் உரக்கக் கத்துகிறார் என்பதைப் பொறுத்து மாறுவதில்லை.

இவ்வளவு சிக்கல் எதற்கு, சர்வரில் பதிவாகும் தரவு போதாதா என்று கேட்கலாம். தரவு பொய் சொல்லாது என்பது சரி, ஆனால் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்வதுமில்லை. 2012 மே மாதம் வெளிவந்த டயாப்லோ 3-இல் ஆயுதங்களை வாங்கவும் விற்கவும் ஏலச் சந்தை இருந்தது. ஜூன் மாதம் நிஜப் பணத்துக்கான சந்தையும் திறந்தது. செயலை மட்டும் பார்த்தால் அது அமோக வெற்றி, ஏனெனில் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சந்தையைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அரக்கர்களைக் கொன்று, விழும் ஆயுதத்தில் நல்லதைத் தேடுவதுதான் டயாப்லோவின் உயிர். சந்தையில் சில நொடியில் வாங்கிவிட முடிந்ததும், கொன்று தேடுவது வெட்டி வேலையாகிவிட்டது. எல்லோரும் போன கடையே ஊரைக் கெடுத்தது. இயக்குநராக இருந்த ஜே வில்சன் 2013-இல், ஏலச் சந்தை கேமுக்குத் தீங்கு செய்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18-இல் இரண்டு சந்தைகளும் மூடப்பட்டன. அவற்றில் காசு புழங்கியவர்களுக்கு ஆறு மாதம் முன்பே அறிவிப்புக் கொடுத்திருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அவகாசம் சாட்சிக்குக் கொடுப்பதல்ல, தரப்பினருக்குக் கொடுப்பது.

தரப்பினரைச் சாட்சி என்று எண்ணியதன் விளைவை ஐஸ்லாந்துக்காரர்கள் 2011-இல் கற்றார்கள். ரெய்க்யவிக்கில் இயங்கும் சிசிபி நிறுவனத்தின் ஈவ் ஆன்லைன், 2003 முதல் ஒரே விண்வெளியில் எல்லா ஆட்டக்காரர்களையும் வாழவிட்ட கேம். அங்கே கப்பல் வெடித்தால் போனது போனதுதான். சேர்த்த செல்வம், கட்டிய கூட்டணி, செய்த துரோகம் எல்லாம் ஆட்டக்காரர்களே உண்டாக்கியவை. 2011 ஜூனில் வந்த இன்கார்னா அப்டேட்டில், பாத்திரத்துக்கு உடையும் அணியும் விற்கும் ஒரு கடை திறந்தது. ஒற்றைக் கண்ணுக்கான கண்ணாடி ஒன்றின் விலை நிஜப் பணத்தில் 60 டாலரைத் தாண்டியது. அதே வாரத்தில் நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று வெளியே கசிந்தது. நாளை ஆயுதத்தையும் விற்பார்களோ என்ற ஐயத்தை அது கிளப்பியது. ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் பெரிய சந்தையான ஜிட்டாவில் திரண்டு, அங்கிருந்த நினைவுச் சிலையைக் கப்பல்களிலிருந்து சுட்டார்கள். சிலை உடையாது என்று எல்லோருக்கும் தெரியும், உடைப்பது நோக்கமுமல்ல. அப்போது தலைமை நிர்வாகி ஹில்மர் பேட்டுர்சனின் ஊழியர்களுக்கான மடலும் கசிந்தது. எதிர்வினை எதிர்பார்த்ததுதான், ஆட்டக்காரர்கள் சொல்வதைவிடச் செய்வதைப் பார்க்க வேண்டிய தருணம் இது என்பது அதன் சாரம்.

துறை முழுவதும் ஞானமாகப் போற்றும் வாசகம்தான் அது. தோட்டா விஷயத்தில் பலித்த அதே வாசகம் இங்கே தீயில் எண்ணெய் ஆயிற்று. ஏன்? ஹேலோ 3-இன் சோதனையாளருக்குத் தன் தோட்டா ஏன் தீர்ந்தது என்பது தெரியாது. அவருக்குத் தெரியாததைத் தரவு காட்டியது. ஈவ் ஆட்டக்காரர் பேசியதோ அவருக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியல்ல. பணத்தால் வெற்றியை வாங்க முடியாத உலகம் என்ற புரிதலில் எட்டு வருடம் உழைத்தேன், அந்தப் புரிதல் இன்னும் உண்டா இல்லையா என்று கேட்டார். இதற்கு அவர் கண்ணாடி வாங்கினாரா, எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார் என்ற தரவு விடையாகாது. நிறுவனம் தானே 2008 முதல் தேர்தல் நடத்தி வைத்திருந்த ஆட்டக்காரர் மன்றத்தை அவசரமாக ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துப் பேசி, ஆட்டத்தில் அனுகூலம் தரும் பொருளை விற்க மாட்டோம் என்று அறிக்கை விட நேர்ந்தது. அக்டோபரில் பேட்டுர்சன் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதே மாதம் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் வேலை இழந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது, அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும். நவம்பரில் வந்த அடுத்த அப்டேட் முழுக்க முழுக்கக் கப்பல்களைப் பற்றியது.

ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் கதை இதைவிடக் கசப்பு. 2005 நவம்பரில் சோனி ஆன்லைன் நிறுவனம் அந்தக் கேமின் அடித்தளத்தையே மாற்றியது. 30-க்கும் மேற்பட்ட தொழில்களைக் கலந்து தன் பாத்திரத்தை உருவாக்கிக்கொண்ட ஆட்டக்காரருக்கு இனி ஒன்பது வகைகள்தான். தச்சர், சமையற்காரர், நடனக்காரர் என்று வாழ்ந்தவர்களுக்கு வாழ்வே போயிற்று. புதியவர்களுக்கு எளிமையாக, சினிமா போல விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். வெளியாளின் கண்ணால் பார்த்தால் அந்த நோக்கத்தில் தவறில்லை. ஆனால் புதிய துணைப்பதிப்பு ஒன்றைக் காசுக்கு விற்ற அதே மாதத்தில் இந்த மாற்றம் வந்தது. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. கேமின் வடிவமைப்பு பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு யாரும் பணம் திருப்பித் தருவதில்லை. அது தரப்பினருக்கிடையிலான வழக்கு என்று நிறுவனமே தன் செயலால் ஒப்புக்கொண்டது. கேம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது.

என் வாதத்துக்கு மிகவும் தொல்லை கொடுக்கும் உதாரணம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாஸிக். 2013-இல் பிளிஸார்டின் பிளிஸ்கான் விழா மேடையில், பழைய வடிவத்தை மறுபடி தருவீர்களா என்று ஒருவர் கேட்டபோது, தயாரிப்பாளர் ஜே. ஆலன் பிராக், வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னார். சாட்சியைத் தள்ளும் பாரம்பரியத்தில் இதைவிட அப்பட்டமான வாசகம் கிடையாது. 2016 ஏப்ரலில் நாஸ்டால்ரியஸ் என்ற அனுமதியற்ற பழைய சர்வர் வக்கீல் நோட்டீஸால் மூடப்பட்டபோது, அதில் சுமார் 1,50,000 பேர் சுறுசுறுப்பாக விளையாடிக்கொண்டிருந்ததாக நடத்தியவர்கள் சொன்னார்கள். 2017-இல் பிளிஸார்ட் இறங்கி வந்தது. மேடையேறி அறிவித்தவரும் அதே பிராக்தான். 2019 ஆகஸ்ட்டில் கிளாஸிக் வெளியாகி, நெடுநேரம் வரிசையில் காத்திருக்கும் அளவுக்குக் கூட்டம் அலைமோதியது. ஆட்டக்காரருக்குத் தன் ஆசை தெரியாது என்ற கொள்கை இங்கே தோற்றது. ஏனென்றால் அவர்கள் கற்பனையில் இருந்த ஒன்றைக் கேட்கவில்லை. முன்பு வாழ்ந்த வீட்டைக் கேட்டார்கள், அதிலும் பலர் நாஸ்டால்ரியஸில் அப்போதும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் பிராக் சொன்னதிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருந்தது. 2019 மே மாத பீட்டாவில் பலர் பிழை என்று புகார் செய்தவை பிழையே அல்ல, பழைய கேம் அப்படித்தான் இருந்தது. அவற்றைத் தொகுத்து, இவை பிழைகள் இல்லை என்று பிளிஸார்ட் ஒரு பட்டியலே வெளியிட வேண்டியதாயிற்று. டாரன் இனத்தாரின் உடற்பரப்பு சற்றுப் பெரிதாக இருப்பதும், பயந்து ஓடுபவர் வேகமாக ஓடுவதும் அதில் உண்டு. பதினைந்து வருட நினைவு எவ்வளவு பிசகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எதையும் மாற்றாதே என்று முழக்கமிட்டவர்கள் கேம் கிடைத்ததும் அதை 2004-இல் போல விளையாடவும் இல்லை. அந்நாளில் வீழ்த்த மாதக்கணக்கில் ஆன ரக்னரோஸ் என்ற பெரிய எதிரியை, கேம் வெளியான ஒரே வாரத்துக்குள் ஒரு குழு வீழ்த்தியது. ஆக, கிளாஸிக் வேண்டும் என்ற கோரிக்கையில் அவர்கள் தரப்பினர். கிளாஸிக் எப்படி இருந்தது என்பதில் தடுமாறும் சாட்சிகள். ஒரே ஆளுக்குள் இரண்டு தகுதியும் இருக்க முடியும். ஒன்றில் தப்பினார் என்பதற்காக மற்றொன்றில் அவரைத் தள்ளிவிட முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தரப்பினர் என்று நாம் அழைப்பவர்கள் இருக்கிறவர்கள் மட்டும்தானே? சலித்துப்போய் வெளியேறியவருக்கும், வாசலில் எட்டிப் பார்த்துத் திரும்பியவருக்கும் யார் பேசுவது? 1997-இல் தொடங்கிய அல்டிமா ஆன்லைனில் யாரும் யாரையும் கொன்று கொள்ளையடிக்கலாம். வேட்டையாடியவர்களுக்கு அது தேன். வேட்டைக்கு இரையான புதியவர்களோ புகார் எழுதக்கூட நிற்காமல் கணக்கை மூடிவிட்டுப் போனார்கள். 2000-இல் உலகத்தை இரண்டாகப் பிரித்து, விருப்பமில்லாதவரைக் கொல்ல முடியாத டிராமல் என்ற நிலத்தைத் திறந்தார்கள். பழைய ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை அதைத் துரோகம் என்கிறார்கள். சந்தாதாரர்களோ கூடினார்கள். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், ஆனால் அது என் வாதத்தை விரிக்கிறதே தவிர உடைக்கவில்லை. வழக்கில் ஆஜராகாத தரப்பும் உண்டு. அதற்காக வாதாடும் பொறுப்பு வடிவமைப்பாளருடையது. டிராமலை ஏற்படுத்தியவர்கள் பழைய நிலத்தை அழிக்காமல் பெலுக்கா என்ற பெயரில் அப்படியே விட்டுவைத்தார்கள். கேலக்சீஸில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. புதியவரை வரவேற்றதில் இரண்டு கேமும் ஒன்றே, இருப்பவரின் உடைமையை நடத்திய விதத்தில்தான் அவை வேறு.

இன்னொரு மறுப்பு இன்னும் நுட்பமானது: சாட்சி, தரப்பு என்ற கோடு தெளிவாகவா இருக்கிறது? ஏரோஹெட் நிறுவனத்தின் ஹெல்டைவர்ஸ் 2 இந்தக் கேள்வியை ஒரே வருடத்தில் இரண்டு முறை எழுப்பியது. 2024 மே மாதம், கணினியில் விளையாடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று அதன் வெளியீட்டாளரான சோனி அறிவித்தது. பல நாடுகளில் அந்தக் கணக்கைத் திறக்கவே வழியில்லை, ஆனால் கேம் அங்கேயும் விற்றிருந்தது. சில நாட்களில் ஸ்டீம் தளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்பீடுகள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. அந்த நிபந்தனை விற்பனைப் பக்கத்தில் தொடக்கத்திலிருந்தே அச்சாகியிருந்தது என்பது உண்மை. ஆனால் மூன்று மாதம் அதைக் கேட்காமல் விளையாடவிட்ட பிறகு, நடைமுறையே வாக்காகிவிடுகிறது. இது தெளிவான தரப்பு வழக்கு. ஆகஸ்ட்டிலோ, ஒரு அப்டேட்டில் தீவீசும் ஆயுதம் வலுவிழந்தது என்று மறுபடி கொந்தளிப்பு. ஆயுதச் சமநிலை என்பது சாட்சியின் எல்லைதானே? ஆனால் அந்த அப்டேட் வந்த இரண்டே நாளில் தீவீசும் ஆயுதங்களை மையமாகக் கொண்ட ஒரு தொகுப்பைக் கடையில் வைத்தார்கள். விற்கிற பொருளின் பலத்தை விற்பதற்கு முந்தாநாள் குறைத்தால், சமநிலைக் குறையே வாக்குமீறல் குறையாகிவிடுகிறது.

ஆகவே கோடு அசையக்கூடியதுதான். அதை நகர்த்துவது பெரும்பாலும் நிறுவனமே. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் விலை ஒட்டும்போது, ஒவ்வொரு மணி நேரத்தையும் சேமிப்பாக மாற்றும்போது, அது சாட்சிகளைத் தரப்பினராக்கிக்கொண்டே போகிறது. ஒரு முறை விலை கொடுத்து வாங்கி, முடித்து, மூடிவைக்கும் கேமில் வடிவமைப்பாளருக்கு இருந்த சுதந்திரம், வருடக்கணக்கில் பணம் வாங்கி நடத்தும் கேமில் இல்லாமல் போனதற்கு ஆட்டக்காரரின் பிடிவாதத்தைக் காரணம் காட்டுவது, கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரைக் குறை சொல்வது போன்றது. ஏரோஹெட் அதன் பின் அறுபது நாள் திட்டம் ஒன்றை அறிவித்தது: சமநிலை அணுகுமுறையை மறுபரிசீலிப்பது, விரும்புவோர் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வழி செய்வது, கருத்துக் கணிப்பு நடத்துவது. செப்டம்பர் அப்டேட்டில் பல ஆயுதங்கள் பலம் பெற்றன. கோபம் தணிந்தாலும், சாட்சியம் கேட்கும் ஏற்பாட்டைக் கொண்டு தரப்பு வழக்கையும் தீர்க்கப் பார்த்த குழப்பம் அந்தத் திட்டத்தில் தெரிகிறது.

தரப்பினர் என்றால் வாக்களிக்க விட்டுவிடலாமே என்ற கேள்விக்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலுள்ள ஜாகெக்ஸ் நிறுவனம் பல வருடங்களாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. அதன் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் பிறந்ததே வாக்கெடுப்பில்தான். 2007 ஆகஸ்ட் மாத நகல் ஒன்றிலிருந்து பழைய கேமை எழுப்பலாமா என்று கேட்க, நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் ஆம் என்றார்கள். 2013 பிப்ரவரியில் அது திறந்தது. அதிலிருந்து புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் வாக்கெடுப்பு; 75 சதவீதம் வேண்டியிருந்தது. பழையதைக் காப்பதே அந்தக் கேமின் அடிப்படை ஒப்பந்தம் என்பதால் இவ்வளவு உயரமான வேலி பொருந்தியது. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் விரும்பிய யோசனைகளும் அந்த வேலியில் மோதி விழுந்தன. கப்பலோட்டும் திறன் 2015-இல் விழுந்தது, வார்டிங் என்ற திறன் 2019-இல் விழுந்தது. 2022-இல் வேலியை 70 சதவீதமாக இறக்கினார்கள். கேமின் நேர்மையைக் கெடுக்கும் ஓட்டைகளை அடைப்பது போன்றவற்றை வாக்குக்கு விடாமல் தாங்களே செய்யும் உரிமையையும் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஓட்டையால் ஆதாயம் அடைந்தவரிடம் ஓட்டையை அடைக்கலாமா என்று வாக்குக் கேட்க முடியாதல்லவா!

2023-இல் புதிய திறன் ஒன்று வேண்டுமா என்று முதலில் கேட்டார்கள். வேண்டும் என்றதும் மூன்று யோசனைகளை முன்வைத்தார்கள். நெடுநாள் கேலிப்பொருளாக இருந்த கப்பலோட்டமே வென்று, கடைசி வாக்கெடுப்பிலும் தேறியது. இருக்கலாமா என்பது அத்தோடு முடிந்தது. கப்பல் எப்படித் திரும்ப வேண்டும், காற்று எப்படி உணரப்பட வேண்டும், எந்த அலை எரிச்சலூட்டும் என்பவற்றை யாரும் வாக்குக்கு விடவில்லை. சோதனைப் பதிப்பைத் திறந்துவிட்டு, ஆட்டக்காரர்கள் எங்கே பாறையில் மோதுகிறார்கள் என்று பார்த்தார்கள். 2025 நவம்பரில் கப்பல்கள் கடலில் இறங்கின.